ஏழு தும்மலும் துணி காயும் அறையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தி ஏழு முறை தும்மினாள்.

பிறந்து இருபத்திரண்டு நாள் ஆன குழந்தை தும்மியதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது. எட்டாவது தும்மல் வருவதற்குள் சம்பந்தியம்மா கட்டிலுக்கு அடியில் இருந்த பையை வெளியே இழுத்துவிட்டார்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

என் மகள் கவிதாவை சேலத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முதல் பிரசவம், ஆகவே எங்கள் பொறுப்பு. குழந்தை பிறந்தது சேலத்து ஆஸ்பத்திரியில். அங்கிருந்து தாயையும் பிள்ளையையும் ஏற்காட்டு மலைக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று மாதம் வைத்திருந்து அனுப்ப வேண்டும். முறை அப்படி. ஆனால் சம்பந்தியம்மாவுக்கு மலை என்றாலே குளிர், குளிர் என்றாலே சளி.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. உங்க ஊடு நொம்ப ஈரம். கண்ணாலத்தப்ப வந்து ஒரு ராத்திரி படுத்தேன், மூணு நாளு தொண்டை கட்டிக்கிச்சு. பச்சக் கொழந்தைக்கு ஆகுமுங்களா? உங்க ஊட்டம்மா வேணா இங்க வந்து இருக்கட்டும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க" என்றேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் "சரிங்க"தான் வரும். பத்தாம் வகுப்பில் எழுந்து பாடம் ஒப்பிக்கச் சொன்ன காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் அன்றைக்குக் கட்டிலில் படுத்திருந்த கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு "சரிங்க" என்று சொல்ல முடியவில்லை.

"ஒரு தடவ வந்து பாருங்க. இப்ப ஊடு முன்ன மாதிரி இல்லீங்க" என்றேன். எனக்கு அதுவே பெரிய பேச்சு.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். வியாழக்கிழமை சம்பந்தியம்மாவும் கூடவே மலையேறுவார். மூன்று நாள் தங்கிப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கார் எடுத்து வருவார். அம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்குவாரா, மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு இறங்குவாரா… அது அன்றைக்குத் தெரியும்.

"கொழந்தைக்கு ஒரு இருமல், ஒரு தும்மல் வந்தாலும் கீழ கூட்டிட்டுப் போயிருவேனுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சரி, வீட்டில் அப்படி என்ன செய்திருந்தேன்? சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். இத்தனை வாரமாக என் சொதப்பல்களைப் படித்தீர்கள், ஒரு வாரம் என் பெருமையையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். குழாய், பல்பு, கதவுத் தாழ்ப்பாள், வெந்நீர் – எல்லாம் என் தலையில். பதினெட்டு வருஷமாக வெளியூர்க்காரர்கள் புகார் சொல்ல, நான் ஸ்பேனரோடு ஓடுவேன். கதவிடுக்கில் காற்று வருகிறது, டவல் ஈரமாக இருக்கிறது, பாத்ரூம் வழுக்குகிறது, படுத்த பிறகு லைட்டை அணைக்க எழுந்து போக வேண்டியிருக்கிறது… வந்து ஒரு மணி நேரத்தில் இத்தனையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலை முடிந்து வெள்ளக்கடை கிராமத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வருவேன். கதவிடுக்கில் காற்று வரும். துண்டு ஈரமாக இருக்கும். பின்பக்கம் பாத்ரூமுக்கு இறங்கும் படி வழுக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். லாட்ஜில் தங்குபவர் பணம் கட்டியிருக்கிறார், அதனால் கேட்கிறார். வீட்டில் இருப்பவர்கள் பழகிக்கொள்கிறார்கள். என் மனைவி சரசு இருபது வருஷம் ஈரச் சேலையின் முந்தானையை அடுப்பில் காட்டிக் காட்டித்தான் கட்டியிருக்கிறாள். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவள் எனக்குப் புகார் எழுதிக் கொடுக்கவில்லையே!

கவிதா உண்டான செய்தி வந்த அன்று ஒரு காகிதத்தை எடுத்தேன். எங்கள் வீட்டில் நானே ஒருநாள் வாடகைக்குத் தங்க வந்தால் என்னென்ன புகார் சொல்வேன் என்று எழுதினேன். காகிதம் பத்தவில்லை.

முதலில் கதவுகளின் அடியில் லாரி டியூப் ரப்பரை நீளமாக வெட்டி அடித்தேன். பனி உள்ளே வருவது நின்றது. பின்பக்கப் படிகள் பதினொன்று. பாசியைச் சுரண்டிவிட்டு, சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டேன். ஓரத்தில் இரும்புப் பைப்பில் கைப்பிடி. படுக்கைத் தலைமாட்டில் இன்னொரு ஸ்விட்ச் – வாசலில் போட்ட லைட்டைப் படுத்துக்கொண்டே அணைக்கலாம். முதல் நாள் சரசு அதைப் பத்து தடவையாவது போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தாள். "பல்பு போயிருமுங்க, தூங்குங்க" என்று கடைசியில் எனக்குத்தான் சொன்னாள். அடுப்படி கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்தேன். இப்போது அரிசியில் கல் பொறுக்கப் பகலில் விளக்கு வேண்டாம்.

ஆனால் என் செல்லப் பிள்ளை வேறு. துணி காயும் அறை.

லாட்ஜில் விறகு பாய்லருக்குப் பின்னால் ஓர் இருட்டு ரூம் உண்டு. வெளியே இரண்டு நாளானாலும் காயாத டவல், அங்கே இரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அதையே வீட்டில் செய்தால் என்ன? எங்கள் விறகடுப்புக்குப் பின்சுவரை ஒட்டி ஆறடிக்கு நாலடியில் ஓர் அறை கட்டினேன். அடுப்புப் புகை தகரக் குழாய் வழியாக அந்த அறைக்குள் நுழைந்து, வளைந்து, கூரைக்கு மேலே போய்விடும். புகை வெளியே, சூடு உள்ளே. குழாயில் துணி படாமல் இருக்கக் கம்பி வலை. ஈரக்காற்று வெளியேற மேலே ஒரு ஜன்னல். மேலே துணிக்கு ஐந்து கொடி, கீழே ஒரு பலகைத் தட்டு. சோறு வேகும்போதே துணியும் காய்ந்துவிடும்.

வியாழக்கிழமை வந்த சம்பந்தியம்மா கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. லைட்டைப் படுத்தபடியே அணைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பனி இறங்கி, எதிர்வீடு தெரியவில்லை. மத்தியானம் குழந்தையின் துணிகளைக் கையில் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்குது" என்றார்.

அந்த ஒரு வரிக்கு நான் சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று சரசு சொல்கிறாள்.

சனிக்கிழமையும் நல்லபடியாகப் போயிற்று. ஞாயிறு காலை குளிப்பாட்டி, புதிதாகக் காய்ந்த துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். அப்புறம்தான்… ஹச்… ஹச்… ஹச்…

"ஏழு" என்றார் சம்பந்தியம்மா. எண்ணியிருக்கிறார். "போதுமுங்க. சளி புடிச்சிருச்சு. கவிதா, கெளம்பு சாமி."

"அத்தை, மூக்கு ஒழுகலைங்களே" என்றாள் கவிதா.

"ஒழுகறவரைக்கும் வெச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

சரசு அடுப்படி வாசலில் நின்றாள். மகளையும் பேத்தியையும் மூன்று மாதம் வைத்துப் பார்க்க ஆறு மாதமாக ஆசையாகக் காத்திருந்தவள் அவள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கீழே அடிவாரம் தாண்டிவிட்டதாக மாப்பிள்ளையிடமிருந்து போனும் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். ஒரு துணியை எடுத்து நன்றாக உதறினார். உதறியவர்… தும்மினார். இன்னொன்றை உதறினார். மறுபடியும் தும்மினார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு துணியை எடுத்து மோந்தேன். அடுத்த தும்மல் என்னுடையது.

துணி காயும் அறைக்கு ஓடினேன். குழந்தையின் துணிகள் தொங்கிய கொடிக்கு நேர் கீழே, பலகைத் தட்டு முழுக்கப் பரப்பி வைத்திருந்தது – மிளகு!

எங்கள் வேலியோரச் சவுக்கு மரங்களில் ஏழெட்டு மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். பறித்து உதிர்த்த மிளகு, மூன்று நாளாக வெயில் இல்லாமல் மூட்டையில் இருந்தது. சரசுவுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மாலை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்ப் பரப்பி, ராத்திரி காய்ந்ததை விடியற்காலையில் கையால் கிளறியும் விட்டிருக்கிறாள். கிளறும்போது கிளம்பிய தூசி போய் உட்கார மேலே தொங்கிய துணியை விட்டால் வேறு இடம் ஏது?

மலைக்காரர்களுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது. காய்ந்த இடம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், மிளகையோ காபியையோ பரப்பாமல் கை சும்மா இருக்காது. அறை கட்டிய எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கீழே தட்டு அடித்தது நான்தானே?

கையில் ஒரு பிடி மிளகோடு உள்ளே வந்தேன். மூன்று பெண்கள் என்னைப் பார்க்கிறார்கள். "சரிங்க" சொல்லித் தப்பிக்க முடியாத இடம்.

"கொழந்தைக்குச் சளி இல்லீங்க சம்பந்தியம்மா. மிளகுங்க. துணிக்குக் கீழ மிளகக் காய வெச்சுட்டோம். தூசி பட்டுருச்சு. தப்பு எங்க மேலதான். ஊட்டு மேல இல்லீங்க. நீங்க கீழருந்து கொண்டாந்த துணி பையில இருக்குமுங்களே, அத மாத்திவிட்டு அரை மணி நேரம் பாருங்க. அப்பவும் தும்முனா நானே கார்ல ஏத்தி உடறேன்."

வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை.

மிளகைப் பார்த்தார். சரசுவைப் பார்த்தார். "கொழந்தத் துணிக்குக் கட்டுன ரூமுல மிளகு போடற ஆளுங்கள இங்கதானுங்க பார்க்கறேன்" என்றார்.

"வெயில் இல்லீனா பூசணம் புடிச்சுருமுங்க…" என்றாள் சரசு, தரையைப் பார்த்துக்கொண்டு.

துணி மாற்றினார்கள். கட்டிலைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். இருபது நிமிஷத்தில் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். என்ன ஏது என்று கேட்கப் போனவரைச் சம்பந்தியம்மா கையமர்த்தினார். ஐந்து பேர், ஒரு குழந்தையின் மூக்கையே பார்த்துக்கொண்டு. ஒரு தடவை மூக்கைச் சுளித்தாள்… சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்… கொட்டாவி விட்டாள். தூங்கிப் போனாள்.

சம்பந்தியம்மா குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கதகதப்பாக இருந்திருக்க வேண்டும். கையை எடுக்கவே இல்லை.

"டீ குடிச்சுப்போட்டு நீ கெளம்பு கண்ணு" என்றார் மகனிடம். "நாங்க வரலை."

"நாங்கன்னா? நீங்களுமாம்மா?"

"படுத்துக்கிட்டே லைட்டு அணைக்கற மாதிரி நம்மூட்டுல ஒண்ணு போடுடான்னு எத்தன வருஷமாச் சொல்றேன்? போட்டியா?"

மாப்பிள்ளை டீயைக் குடித்தார். நான் கொல்லைப்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆடாமல் உறுதியாக இருந்தது. பதினெட்டு வருஷம் எத்தனையோ ரூம்களைச் சரி செய்திருக்கிறேன். காலி பண்ண நினைத்த ஒருவர் பையைத் திரும்ப உள்ளே வைத்தது, என் வீட்டில்தான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே துணி காயும் அறைக் கதவில் சம்பந்தியம்மா தன் கையால் சாக்பீஸில் பெரிதாக எழுதினார்: 'இங்கே மிளகு காய வைக்கக் கூடாது.' சரசு மிளகை அள்ளி முன்னறைக் கட்டிலுக்கு அடியில் பரப்பிவிட்டாள். அந்தக் கட்டிலில் இப்போது நான் படுக்கிறேன். தும்மலும் என்னுடையதே.

நேற்று வேலை முடிந்து வந்து அந்த அறைக் கதவைத் திறந்தேன். கொடியில் குழந்தைத் துணி. கீழே, தட்டு நிறையக் காபிக் கொட்டை! சரசுவைக் கூப்பிடத் திரும்பினால், பின்னால் சம்பந்தியம்மா நிற்கிறார்.

"பக்கத்து ஊட்டுல ஈரமாக் கொடுத்தாங்க, சேலத்துக்குக் கொண்டு போலாமுன்னு போட்டேன். காபிக்குத் தும்மல் வராதுங்களே சம்பந்தி?"

"சரிங்க" என்றேன்.