கேட்காமலே அழிக்கும் சர்வர்

பழைய கணினிகளுக்குப் புது உயிர் கொடுப்பது என் தொழில். கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சங்கடம். ஆபீசில் "சிஸ்டம் மாத்துறோம்" என்று யாரோ வந்த நாளில் எதையாவது பறிகொடுத்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பியதும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

எண்டர் தட்ட ஆளில்லை

நான் வைத்த சர்வரின் வேலை எளிது. ஒரு கணினி விழித்ததும் நெட்வொர்க் வயர் வழியாக "யாரும் இருக்கீகளா?" என்று கேட்டால், சர்வர் பதில் சொல்லும். அதன் டிஸ்க்கைத் துடைத்து, புது சிஸ்டத்தைத் தானே ஏற்றிவிடும். நடுவில் "அழிக்கலாமா?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். எண்டர் தட்டினால்தான் மேலே போகும்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு மிஷினுக்கும் நின்று எண்டர் தட்ட ஆளில்லை என்று கேள்வியை எடுக்கச் சொன்னார். அப்படியானால் எந்தெந்த மிஷினுக்குப் பதில் சொல்லலாம் என்றாவது சர்வருக்குச் சொல்லி வைப்போம் என்றேன். அவர் சிரித்தார். "புதுசா ஒரு மிஷின் வாங்குறப்பெல்லாம் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணுமாக்கும்? நல்லாச் சொன்னீக போங்க." கேள்வியும் இல்லாமல், பட்டியலும் இல்லாமல் சர்வரை ஓடவிட்டேன்.

பிளாஸ்திரி

எக்கோ அறையில் இதயத்தைப் படம் எடுப்பவர் விசாலாட்சி. நோயாளிகளின் பழைய படங்கள் அங்கிருந்த ஒரே கணினியில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. பிரதி எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் கேட்டால், "அடுத்த மாசம் பாப்போம்" என்பார் மேனேஜர்.

அமராவதிபுதூரில் தையல் தைக்கும் சபூராவின் படமும் அதில் இருந்தது. வால்வில் கசிவு. ஆறு மாசம் கழித்து எடுக்கும் படத்தில் இதயம் முன்னைவிட வீங்கியிருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் சர்வரின் குணத்தைக் கேட்ட விசாலாட்சி, கணினியின் நெட்வொர்க் வயரை உருவிச் சுவரோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். "இதுக்குள்ள ஆளுக நெஞ்சு இருக்கு சார். உங்க சர்வரை இங்குட்டு எட்டிப் பாக்க விட்றாதீக."

சந்தனம் வைத்த நாள்

ஆயுத பூஜைக்கு எல்லாக் கணினிகளையும் அணைத்து, வயர்களைக் கழற்றி, தூசு தட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். விடுமுறை முடியும்வரை மின்சாரம் கொடுக்கவில்லை. எக்கோ கணினிக்குள் ஒரு சின்ன பேட்டரி. அது எப்போதோ செத்திருக்கிறது. அதுவும் இல்லாமல், மின்சாரமும் இல்லாவிட்டால் கணினிக்குத் தன் பழக்கமெல்லாம் மறந்துவிடும். விடுமுறை முடிந்த காலையில் சுவிட்சைப் போட்டார்கள். விழித்ததும் தன் டிஸ்க்கைத் தேடாமல் வயரைத்தான் தேடியது. வயர் இருந்தது. சர்வர் பதில் சொன்னது.

விசாலாட்சி கதவைத் திறந்தபோது, பொட்டு வைத்த திரையில் புத்தம்புது சிஸ்டம் அவரை வரவேற்றது. அறையைச் சுத்தம் செய்த செல்லையா அண்ணன் பக்கத்தில் பெருமையோடு நின்றார். "ஒரு வயரு மட்டும் பாவம், செவத்துல ஒட்டிக்கிட்டு அனாதையாக் கெடந்துச்சு. நாந்தேன் மாட்டிவிட்டேன்."

முதல் படம்

அழிந்ததைத் தோண்டி எடுக்க என்னாலானதைச் செய்து பார்த்தேன். பெயரில்லாத அரைப் படங்கள் கிடைத்தன. யாருடைய இதயம் என்று விசாலாட்சியாலும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் சொன்ன நாளுக்குச் சபூரா தவறாமல் வந்தார். கையிலிருந்த பழைய ரிப்போர்ட்டில் "கசிவு உள்ளது" என்பதோடு சரி, அளவெல்லாம் படத்தில். டாக்டர் புதுப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது, முன்பே இப்படித்தானா என்று சொல்ல முடியவில்லை என்றார். "இதையே முதல் படமா வச்சுக்குவோம்மா. இன்னும் ஆறு மாசம் பாப்போம்."

சபூரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "மாடிப்படி ஏறுனா மூச்சு முட்டுது டாக்டர். அந்த ஆறு மாசத்தைத்தானே நான் இருந்து முடிச்சுட்டு வந்திருக்கேன்?"

மனுஷக் கை படாமலே வேலை முடியும் என்று சொல்லித்தான் எங்கள் தொழிலில் இதை விற்கிறோம். எக்கோ அறையில் அன்றைக்கும் அப்படித்தான் முடிந்தது.