காரீயத் தீட்டு

என் அண்ணனுக்குச் செத்த பேட்டரிகள் மேல் இருந்த பாசம், உயிரோடு இருந்த சொந்தக்காரர்கள் மேல் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அவனுக்கு ஒரு பேட்டரி கடை. பஸ், டிராக்டர், ஆட்டோ என்று எதிலிருந்து கழற்றிப் போட்டாலும் வாங்கிக்கொள்வான். ஊரே குப்பை என்று ஒதுக்கிய அந்தக் கறுப்புப் பெட்டிகளை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆசிட்டை வடித்து, உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவான். மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் ஒதுக்கினால் அடியில் காரீயம் கண்ணாடி போலப் பளபளக்கும். அதை அச்சில் ஊற்றிப் பாளமாக்கி மெட்ராஸுக்கு அனுப்புவான். அங்கே அது மறுபடியும் புது பேட்டரியாகும்.

"இது அழியவே அழியாது, தெரியுமா? நாமதான் போய்ச் சேர்ந்துடுவோம்" என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகாத தங்கையாக அதே வீட்டில் இருந்த எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் மகளுக்கு அப்போது மூன்று வயது. திடீரென்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகம் வெளுத்துப்போனது. ஓடி விளையாடின குழந்தை சுவரோரம் உட்கார்ந்துகொண்டது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், கயிறு கட்டினோம். எதுவும் கேட்கவில்லை. அண்ணி ஒருநாள் யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, அப்பாவுக்கு என்ன தொழில் என்பதுதான். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, காரீயம் ஏறியிருக்கிறது என்றார். உருக்கும் புகையிலும் அது இருக்கிறது, அப்பாவின் சட்டையிலும் கையிலும் தலைமுடியிலும் ஒட்டிவரும் தூசியிலும் இருக்கிறது, நிறுத்தாவிட்டால் குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும் என்றார். திரும்பும் பஸ்ஸில் அண்ணி அழவில்லை. எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை.

மறுநாளே அண்ணி காரீயம் உருக்கும் அடுப்பை இடித்தாள். தோட்டத்து மேல்மண்ணைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டி, மூட்டை கட்டி, பாளம் ஏற்ற வந்த லாரியிலேயே ஏற்றி அனுப்பினாள். தரைக்குச் சிமெண்டு போட வைத்தாள். இனிமேல் உருக்குவதெல்லாம் மெட்ராஸ் தொழிற்சாலைக்காரன் பாடு என்றாள். அண்ணன் முணுமுணுத்தான், ஆனால் கேட்டுக்கொண்டான்.

கேட்காதது அவன் கைகள்தான். கடையில் வேலை தொடர்ந்தது. வண்டியைக் கிளப்பத் தெம்பில்லாத பேட்டரிகளில் நல்ல செல்களாகப் பொறுக்கிச் சேர்த்து, பௌர்ணமியன்று கிரிவலப் பாதைக் கடைகளுக்கு டியூப்லைட் எரிக்க வாடகைக்குக் கொடுப்பான். கெட்டிக்காரன்தான், மறுக்க முடியாது. ஆனால் குளித்துவிட்டுக் குழந்தையைத் தொடச் சொன்னதற்கு முதல் நாள் தலையாட்டினான், அடுத்த நாள் கையை மட்டும் கழுவினான், அதற்கடுத்த நாள் வாசலுக்கு எழுந்து வந்த குழந்தையை அப்படியே வாரிக்கொண்டான். கண்ணுக்குத் தெரியாத தூசிக்கு எவன் பயப்படுவான்?

அண்ணி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏங்க, சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தா கொழந்தய தொடுவீங்களா?"

"குளிக்காம எப்படித் தொடுறது?"

"இனிமே கடையிலேர்ந்து வர்றதும் சாவு வூட்டுலேர்ந்து வர்றதுதான். சந்து வழியா பின்னாடி வாங்க. துணிய பக்கெட்டுல போட்டுட்டு, தலைக்கு ஊத்திக்கினு உள்ள வாங்க."

சாவுக்குப் போனவன் எதையும் யாரையும் தொடாமல் குளிக்கப் போவது அவன் உடம்பில் ஊறிய வழக்கம். அதற்குக் காரணம் கேட்கமாட்டான், மறக்கவும் மாட்டான். அன்றிலிருந்து ஒருநாள்கூட அவன் தவறவில்லை. இப்படி ஒரு யோசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது.

"உங்க சொந்தத்துல தெனமும் யாரு சாவுறாங்க?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டாள்.

"இன்னிக்கு ஒரு பஸ்ஸு, ரெண்டு டிராக்டரு" என்றாள் அண்ணி, சிரிக்காமல்.

குழந்தைக்குத்தான் புரியவில்லை. சந்தில் வரும் அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டி அழும். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நடந்து போவான். வேலூருக்குப் போய்வருவதும் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் முகத்தில் ரத்தம் ஊறியது. ஒருநாள் ரசம் சோறு இன்னும் வேண்டும் என்று அவள் தட்டை நீட்டியபோது, அண்ணி முதல் தடவையாக அழுதாள்.

வருஷங்கள் ஓடின. பெட்ரோல் வேண்டாத பேட்டரி ஸ்கூட்டர்கள் ஊருக்குள் வந்து, அவற்றின் பேட்டரிகளும் செத்து அண்ணன் கடைக்கே வந்து சேர்ந்தன. அப்படி ஒருவர் தன் ஸ்கூட்டர் பேட்டரிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, காலேஜ் ஹாஸ்டலிலிருந்து முதல் லீவுக்கு வந்த மகள் பஸ்ஸை விட்டிறங்கி நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அவளை அழைத்துப்போக வந்த நானும் அங்கே இருந்தேன். அண்ணன் சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"இன்னாபா, பொண்ணு ஊர்லேர்ந்து வந்திருக்குது, எட்டி நிக்கிற?" என்றார் ஸ்கூட்டர்காரர்.

"எங்கப்பா குளிக்காம என்னைத் தொடமாட்டாருங்க" என்றாள் அவள். "அதனாலதான் நான் காலேஜுல படிக்கிறேன்."

அண்ணன் தூக்கிய கைகளை இறக்காமலே கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்கு ஓடினான்.