முதல் பைக்கு முன்னால்

போன வாரம் இந்தப் பக்கத்தில் பிரபஞ்சம் தோன்றிய கதையை எழுதினேன் அல்லவா? அதன் கடைசி வரிதான் வினையாகிவிட்டது. 'பிக் பேங்குக்கு முன்னால் எதுவுமே இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம்' என்று முடித்திருந்தேன். எழுதும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

பத்திரிகை வந்த அன்று காலையே அனகாபுத்தூரிலிருந்து போன். மச்சான். என் மனைவியின் அண்ணன், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ரிட்டயர் ஆனவர். விஞ்ஞானிகளே 'தெரியாது' என்று சொல்கிற விஷயத்தை நான் எப்படி 'இல்லை' என்று எழுதலாம் என்று கேட்டார். காலமே அப்போதுதான் ஆரம்பித்தது, அப்புறம் 'முன்னால்' ஏது என்று நானும் மல்லுக்கு நின்றேன். பேச்சு வளர்ந்தது. பாடம் நடத்தாதீர்கள், நான் உங்கள் ஸ்டூடண்ட் இல்லை என்று சொல்லிவிட்டேன். லைன் கட்.

மச்சான் கோபக்காரர் அல்ல, வருத்தக்காரர். அதுதான் ஆபத்து. ஒரு தடவை பந்தியில் அவருக்கு அப்பளம் வைக்க மறந்துவிட்டோம். ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை!

மனைவி களத்தில் இறங்கினாள். அண்ணனைக் கெஞ்சி, ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு ஒப்புக்கொள்ள வைத்தாள். எனக்கு உத்தரவு தனியாக வந்தது. "வஞ்சிரம் தலை வாங்கிட்டு வாங்க. அந்தக் குழம்பு இருந்தாத்தான் எங்கண்ணன் உங்ககிட்ட பேசுவாரு. இல்லன்னா நான் பொறுப்பில்ல."

பொழிச்சலூரில் எங்கள் தெருமுனையில் ஞாயிறுதோறும் செல்வி அக்கா மீன் விற்பார். கடலோரத்துக் குப்பத்திலிருந்து லோடு ஆட்டோவில் ஐஸ் பெட்டிகளோடு வருவார். பெரிய வஞ்சிரம் ஒன்றே ஒன்று இருக்கும். அதன் தலை, வரிசையில் முதல் ஆளுக்கு.

வரிசை என்றால் ஆட்கள் நிற்பதில்லை, பைகள் நிற்கும். பையை மடித்துப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு நீங்கள் டீக்கடைக்குப் போகலாம். அடுத்தவர் பையை யாரும் தொட மாட்டார்கள். வண்டியை இடித்தால்கூட மன்னித்துவிடுவார்கள்... பையை நகர்த்தினால் மன்னிப்பே கிடையாது.

காலை ஐந்தரைக்கே போனேன். ஈ, காக்கை இல்லை. ஆனால் முதல் இடத்தில் ஒரு பை! நாலாக மடித்து, மேலே அரைச் செங்கல்.

யார் இந்த ஆள்? தூங்கவே மாட்டானா? மனசுக்குள் திட்டிக்கொண்டே என் பையை இரண்டாவதாகப் போட்டேன். எனக்குப் பின்னால் ஒரு ஆட்டோக்காரர் போட்டார். அவரும் முதல் பையை முறைத்தார்.

ஏழு மணிக்கு செல்வி அக்கா வந்தார். பை யாருடையது என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? போன வாரமே கீது. தலைய எட்த்து வெச்சிகினு காத்துகினு இருந்தேன், ஆள் வரல. கடசீல நானே வூட்ல கொழம்பு வெச்சிட்டேன்."

இந்த வாரமும் தலையை எடுத்து ஐஸில் வைத்தார். ஏழரை ஆயிற்று, எட்டு ஆயிற்று. எனக்குப் பின்னால் முணுமுணுப்பு. என் கண்ணுக்கு முன்னால் மச்சானின் வருத்தமான முகம். பொறுக்க முடியாமல் செங்கல்லை எடுத்துவிட்டேன். வரிசை மொத்தமும் மூச்சை இழுத்தது.

பைக்குள் ஒரு சீட்டு. மை கலங்கியிருந்தாலும் என் மனைவியின் கையெழுத்து: 'சங்கரா மீன், கொத்தமல்லி. பையை மறக்காமல் எடுத்து வரவும்.'

போன ஞாயிறு நான்தான் போட்டிருக்கிறேன். டீ குடிக்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொள்ள, அப்படியே வீட்டுக்கு ஓடி, செல்வி அக்கா வரவில்லை என்று மனைவியிடம் அளந்துவிட்டேன். பை ஒரு வாரமாக வரிசையில் நிற்கிறது. தெரு பெருக்குகிறவர்கூட அதைச் சுற்றித்தான் பெருக்கியிருக்கிறார். இவ்வளவு நேரமும் நான் திட்டிய மகானுபாவன் நானேதான்!

சரி, முதல் ஆளும் நான், இரண்டாவது ஆளும் நான். தலை எனக்குத்தானே? கை நீட்டினேன். ஆட்டோக்காரர் குறுக்கே வந்தார்.

"ஒரே ஆளு ரெண்டு பை போட்டா ரெண்டும் செல்லாது சார்."

செல்வி அக்கா யோசிக்கவே இல்லை. ஆமாம் என்றார். வஞ்சிரம் தலை ஆட்டோவில் ஏறி பம்மல் பக்கம் போயிற்று. நான் கடைசியில் நின்று நெத்திலி வாங்கினேன்.

மதியம் மச்சான் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டை லேசாகத் தள்ளி வைத்தார். வேறு வழியில்லாமல் நடந்ததை மழைப் பொய் உட்பட ஒப்பித்தேன். கேட்கக் கேட்க அவர் தோள் குலுங்கியது. பிறகு புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"மாப்ள, கண்ணு முன்னாடி கிடந்த பை உங்களோடதுன்னே உங்களுக்குத் தெரியல. பிரபஞ்சத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சிரித்து முடித்து, நெத்திலியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது.

யோசித்தால், 'தெரியாது' என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று இல்லாத தெருவுக்கு வழி கேட்டுப் பாருங்கள் — 'ஸ்ட்ரெய்ட்டா போய் லெஃப்ட்' என்று நாலு பேர் கை காட்டுவார்கள். நானும் அந்த நாலு பேரில் ஒருவன்தான் போல.

ஆகவே ஒரு திருத்தம். பிக் பேங்குக்கு முன்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இதை அனுப்புவதற்கு முன் மச்சானுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'தெரியாது'வை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்.