எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்ற புவனேஸ் அக்கா

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலையில் நம்ம டூர் வாட்ஸ்அப் குரூப்பில் "புவனேஸ் அக்கா போய்விட்டார்" என்று வந்தது. சம்பல் கிண்டிக்கொண்டே பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்குத்தான் மறுபடி போய்விட்டார் என்று நினைத்து, "என்னை விட்டுட்டா? அடுத்த டிரிப்புக்கு எனக்கும் ஒரு சீட் வைங்க லா" என்று சிரிக்கிற பொம்மையெல்லாம் வைத்து அனுப்பிவிட்டேன்.

அக்காவின் மகன்தான் போன் செய்தான். "ஆன்ட்டி... அந்த மெசேஜ எடுத்திருங்க. அம்மா இறந்துட்டாங்க."

எடுத்துவிட்டேன். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு... அக்கா மலாக்காவில் புக்கிட் காத்தில்காரர். பேங்க் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அங்கே சண்டை முடிந்த பிறகு நம்ம மலாக்கா ஆட்களை டூர் அழைத்துப் போக ஆரம்பித்தார்.

ஹோட்டல் கிடையாது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு, அங்கே தவமணி என்கிற அம்மாவின் வீடு. சண்டையில் இடிந்து, திரும்பி வந்து கட்டிய வீடு. அங்கேதான் தங்கல், தவம் சமைப்பதுதான் சாப்பாடு. பிள்ளைகளோடு அவர் பிழைப்பு ஓடுவது அதில்தான்.

நான் குருபோங்கில் ஃபேக்டரி வாசலில் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, விற்கிறவள். பெம்பான் பக்கம் எஸ்டேட்டில் ஆறாம் வகுப்போடு நின்றவள். என்னை ஏன் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டால், "நீர் வந்தால் சனம் சிரிக்கும்" என்பார்.

அந்த "நீர்" இருக்கிறதே... அவர்கள் பேச்சில் அது மரியாதையாம். நான் விடுவேனா? "சாந்தி, நீர் இங்க வாரும்" என்று கூப்பிட்டால் ஒரு கிளாஸ் தண்ணீரோடு போய் நிற்பேன். முறைப்பார். பிறகு வாங்கிக் குடித்தும் விடுவார்.

முதல் டிரிப்பில் ஒரு வேன் நிறையப் போனோம். தவம் வீட்டுச் சுவரில் கேலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்கியது. "ஏன் இவ்வளவு கீழ மாட்டியிருக்கீங்க, கோழி பார்க்கவா?" என்று கேட்டேன். அக்கா என் காலை மிதித்தார். பின்னால் குண்டு துளைத்த ஓட்டை என்று அப்புறம்தான் சொன்னார்.

தவம் மட்டும் சிரித்தார். "கோழிக்கும் நாள் தெரிய வேணும்தானே" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நம்ம ஆட்கள் குளிக்கிற குளியல் தெரியும்தானே. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. துணியும் துவைத்தார்கள். கிணறு ஒன்றுதான்.

கிளம்புகிற அன்று டீ வாயில் வைக்க முடியவில்லை. "அக்கா, சீனின்னு நெனச்சு உப்பப் போட்டுட்டாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"கிணறு கொஞ்சம் உவர்த்துப் போச்சுது. மழை வந்தால் சரியாகும்" என்றார் தவம், ஏதோ அவர் தப்புப் போல.

"மழை எப்ப வரும்?" என்றார் அக்கா.

"ஐப்பசியில."

அப்போது ஆடி மாதம்.

அக்கா அந்த டீயை முழுதாகக் குடித்தார். பிளேன் இறங்கும்போது சொன்னார், "சாந்தி, இனி எட்டுப் பேர்தான். ஆளுக்கு ரெண்டு வாளி. கூட இறைச்சால் கிணத்துக்குள்ள கடல் வந்திடும்."

அதன் பிறகு எத்தனை பேர் கோபித்துக்கொண்டார்கள்... சொந்தத் தங்கச்சிக்கே சீட் இல்லை என்றுவிட்டார், அவர் ஒன்பதாவது ஆள் என்று.

ஒரு டிராவல்ஸ் ஆள் வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன். "ரெண்டு பஸ் ஆள் நான் தரேன்க்கா. பெரிய மோட்டர் போட்டு, ரூம் கட்டி... ஆளுங்க வந்தாதானே அந்த ஊரு முன்னேறும்?"

"தம்பி, நீர் கொண்டுபோற ஆக்கள் ரெண்டு நாளில திரும்பி வந்திடுவினம். தவம் வருஷம் முழுக்க அந்தக் கிணத்தடியிலதான் இருக்கிறா. சண்டையில தப்பினது அது ஒண்டுதான். அதையும் குடிச்சிட்டு வரவோ?"

டிராவல்ஸ் ஆள் கோப்பியைத் தொடாமலே எழுந்து போனார். அதையும் நான்தான் குடித்தேன்.

இன்றைக்கு எடுத்தார்கள். அதற்கு முன்னால் தவம் வீடியோ காலில் வந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு அக்கா தலைமாட்டில் நின்றேன். அங்கே லைன் சரியில்லை, முகம் விட்டு விட்டு வந்தது.

அழுகைக்கு நடுவே மெதுவாகக் கேட்டார். "தையில எட்டுப் பேர் வருவினம் எண்டு அக்கா சொன்னவ... இனி ஒருத்தரும் வர மாட்டினமோ?"

எனக்கு டிக்கெட் போடத் தெரியாது. இங்கிலீஷ் தெரியாது. எட்டு வரை எண்ணத் தெரியும்.

"வருவாங்க, நான் கூட்டிட்டு வரேன்" என்றேன். "எட்டு பேருதான். குளிக்கிறவங்களா பார்த்து வேணாம்னு சொல்லிடறேன்."

தவம் அழுகையிலேயே சிரித்துவிட்டார். "அக்காவை ஒருக்கா வடிவாக் காட்டுங்கோ" என்றார்.

நேரமாகிவிட்டது, பெட்டியை மூட வேண்டும் என்றார்கள். "போயிட்டு வாங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து காட்டினேன்.

போன் கை நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. மாலையில் சாய்ந்து, அக்கா முகத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"இப்பத்தான் நல்லாத் தெரியுது" என்றார் தவம். "அப்பிடியே ஆடாமல் பிடியுங்கோ."