அண்ணி ஏணியை விட்டு இறங்கவில்லை

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்காரரின் அக்கா என்பதால் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார். விளக்கு மினுக்மினுக்கென்றால் நான்தான் கெடுத்த மாதிரி முறைப்பார். வயரிங் வேலை செய்கிறவர். புருஷனுக்குக் கையாளாகப் போனவர், நாளடைவில் தானே டிரில்லை எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவருடைய தம்பி. மூன்று பேரும் சேர்ந்துதான் பழைய கட்டடங்களில் விளக்கும் ஃபேனும் மாட்டினார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உள்கூரையில் அடித்த சிமென்ட் பலகையில் ஓட்டை போட்டதும், ஸ்க்ரூ இறுக உட்கார வேண்டும் என்று, கிட்டே வாயைக் கொண்டுபோய் 'ஃபூ' என்று ஊதுவார்கள். தூசி அத்தனையும் மூஞ்சியில் கொட்டும். சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த ஓட்டைக்குப் போவார்கள். ஊதாதவனை அரைகுறை என்பார்கள். அண்ணியின் புருஷன், எனக்கு அண்ணன் முறை, இதில் பெரிய கெட்டிக்காரர்.

அவருக்கு முதலில் போனது மூச்சுதான். மாடிப்படி ஏற முடியவில்லை. பீடி, சிகரெட்டைத் தொடாத மனுஷன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். பிறகு இன்னும் சில சோதனைகள் செய்து, நுரையீரலைச் சுற்றிப் புற்றுநோய், கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்தது என்று சொன்னார்.

"ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல நாங்க ஏறினதே இல்லையே டாக்டர்!" என்றார் அண்ணி.

கூரையில் மட்டுமா இருக்கிறது? பழைய கட்டடங்களில் உள்கூரைப் பலகையிலும், குழாயைச் சுற்றிய பட்டையிலும் அதைக் கலந்திருப்பார்களாம். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதாம். உடையாமல் சும்மா இருக்கிறவரை பெரிய வம்பில்லை. துளைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத தூசி உள்ளே போய், பல வருஷம் கழித்துத் தன் வேலையைக் காட்டும் என்றார் டாக்டர். அடுத்த மழைக்காலத்துக்கு அண்ணன் இல்லை.

துக்கம் ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட வேலையை ஒப்புக்கொண்டார். விடுமுறை முடிவதற்குள் எல்லா வகுப்பறையிலும் புது ஃபேன் மாட்டவேண்டும். பழைய கட்டடம், பலகைக் கூரை. வேலை தொடங்கிய அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இவர் உதட்டில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு டிரில்லைக் கையில் எடுத்தார். அண்ணி விறுவிறுவென்று ஏணியில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டார்.

"இறங்குக்கா."

"இந்தப் பலகையை டெஸ்ட் பண்ணாம ஒரு ஓட்டை விழாது."

"மாமா போனதுலேர்ந்து உனக்குப் பாக்கறதெல்லாம் விஷமாத் தெரியுது."

"தெரிஞ்சுட்டுப் போகட்டும். மொதல்ல வாயில இருக்கறதைத் துப்பிட்டுப் பேசு."

பள்ளிக்கூட மேனேஜர் ஓடிவந்தார். "இத்தனை வருஷமா பிள்ளைங்க இதுக்கு அடியிலதாம்மா படிக்குது. யாருக்கு என்ன ஆச்சு? உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேற ஆளை வச்சுக்கறேன்."

"தாராளமா வச்சுக்குங்க. என் தலையில ஓட்டை போட்டுட்டு அப்புறம் பலகையில போடட்டும்," என்றார் அண்ணி. "தூசியையும் கொட்டிட்டு, அதை ரூம் பூராப் பரப்ப ஃபேனையும் மாட்டித் தரணுமா? வேற ஆளைப் பாருங்க!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. கைக்கு வந்த பிழைப்பில் மண்ணைப் போடுகிறாரே என்று பல்லைக் கடித்தேன். அப்போது இவர் முகத்தைப் பார்த்தேன். முந்தின வேலையின் வெள்ளைத் தூசி மீசையில் ஒட்டியிருந்தது. அண்ணன் முகத்திலும் இதே தூசியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அவங்க இறங்கமாட்டாங்க சார். டெஸ்டுக்குக் குடுத்துடுங்க," என்று நானே சொல்லிவிட்டேன்.

இவர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வந்த பெற்றோர் சிலர் சத்தம் கேட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்ததும் மேனேஜரின் குரல் இறங்கியது, டெஸ்டுக்கு அனுப்புவதாக எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

முடிவு வந்தது. பலகையில் கல்நார் இருந்தது. வகுப்பறைகளைப் பூட்டினார்கள். முகமூடியும் முழு உடுப்பும் போட்டு, பலகையை நனைத்துத் தூசி எழாமல் கழற்றத் தெரிந்தவர்களை வரவழைப்பதாகச் சொன்னார்கள். அண்ணிக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இவர் அண்ணி வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அக்கா, மாமாகூட நின்னு நானும்தானே ஊதினேன்."



"நான் மட்டும் என்ன, வேடிக்கையா பாத்துட்டிருந்தேன்? நானும்தான்டா ஊதினேன்," என்றார் அண்ணி. குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் காட்டிக்குவோம். வர்றதைப் பாத்துக்கலாம். அதுக்குன்னு இப்படி இடிஞ்சு போய் உக்காராதே. மார்க்கெட் பக்கத்துப் பழைய ஆஸ்பத்திரியிலயும் இதே மாதிரிப் பலகைதான், யாரும் டெஸ்ட் பண்ணலை. நாளன்னைக்கு அங்க ஓட்டை போடப் போறாங்களாம்."

இவர் தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது. என் புருஷன் அழுது நான் பார்த்ததில்லை.

"இவரை டாக்டர்கிட்ட இழுத்துட்டு வர்றது என் பொறுப்பு அண்ணி," என்றேன். "ஆஸ்பத்திரிக்கும் நான் உங்ககூட வரேன். எவன் டிரில்லை எடுக்கறான்னு பாத்துடுவோம்."