சிறு திருத்தம்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ஹேமலதாவின் ராஜினாமாக் கடிதம் அறிவரசனின் கணினிக்கு வந்தது. மூன்றே வரி. சொந்தக் காரணம் என்றும், விதிப்படி முப்பது நாள் வேலை பார்த்துவிட்டு ஜூலை 9 அன்று விலகிக்கொள்வதாகவும் கண்டிருந்தது. அறிவரசன் அதை ஐந்து முறை படித்தார். பக்கத்தில் இருந்த டீ ஏடு கட்டிப்போயிற்று.

அவரால் நம்ப முடியவில்லை. பெரம்பலூரில் துறையூர் சாலையின் மாடி ஒன்றில் இயங்கிய அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவருக்குக் கீழே ஆறு பேர். அரியலூர்ப் பக்கம் உள்ள ஒரு சிமெண்ட் ஆலையின் வாசலில் லாரிகளுக்கு டோக்கன் கொடுத்து வரிசையாக உள்ளே அனுப்பும் மென்பொருளை அவர்கள்தான் எழுதிப் பராமரித்தார்கள். ஆறு பேரில் கெட்டிக்காரி ஹேமலதா. தா.பழூரில் நெல் விவசாயக் குடும்பத்துப் பெண்; சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவளை அவர் ஒரு நாளும் கடிந்ததில்லை. அவளை என்ன, மூன்று ஆண்டுகளில் எவரையுமே கடிந்ததில்லை. தம்மைவிடப் பதினான்கு வயது இளையவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அறிவரசன் பாடாலூருக்கு அருகே நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். 1996இல், அவருக்கு ஒன்பது வயதில், தாய் ஆண்டாயி சின்ன வெங்காயக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் குடையோடு நின்ற மேற்பார்வைக்காரர் அவள் விட்டுப்போன நாலு களையைக் காட்டி, "கண்ணு புடனியிலயா இருக்கு ஒனக்கு?" என்று முப்பது பேர் முன்னால் கேட்டார். மகன் பார்க்கிறான் என்பதால் ஆண்டாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடிந்ததில்லை. தனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யும் காலம் வந்தால், எவர் வேலையையும் தப்பு என்று வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார். படித்து, சென்னையில் பதினோரு ஆண்டு வேலை பார்த்து, 2022இல் பெரம்பலூர்க் கிளைக்குத் தலைவராகத் திரும்பியபோதும் அந்த முடிவு மாறவில்லை.

ஆனால் தப்பு இருந்தால் அதை அப்படியே விடவும் மனம் ஒப்பவில்லை. ஆகவே காலை ஆறு பத்துக்கெல்லாம் அலுவலகத்தைத் திறந்து, முந்தின நாள் மற்றவர்கள் எழுதியதை எடுத்து, பிடிக்காததை அழித்துவிட்டுத் தாமே எழுதி வைப்பார். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று கணினி குறித்துக்கொள்ளும், காரணமும் கேட்கும். ஒவ்வொரு முறையும் 'சிறு திருத்தம்' என்று போடுவார். ஒன்பதரைக்கு எல்லோரும் வரும்போது முகம் கழுவி, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்.

சம்பளமா, கல்யாணமா என்று யோசித்துக்கொண்டே ஹேமலதாவை அறைக்கு அழைத்தார். இரண்டும் இல்லை என்றாள். வற்புறுத்திக் கேட்டபின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் இதுவரைக்கும் எழுதினது ஆறாயிரத்து முந்நூத்திப் பன்னண்டு வரி சார். இன்னிக்கு அதுல நாப்பத்தொரு வரிதான் இருக்கு. அந்த நாப்பத்தொண்ணுலயும் பதினேழு எழுத்தே இல்லாத வெறும் வரி."

அறிவரசன் அதை எடுத்துப் பார்த்தார். தாளில் தேதிவாரியாக எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் அவர் பெயர், காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஒரு நேரம், 'சிறு திருத்தம்'.

அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்ததாகத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"எங்கப்பா நட்ட வயல்ல ஒருத்தர் விடியறதுக்குள்ள வந்து நாத்தெல்லாம் புடுங்கிட்டு வேற நட்டு வெச்சுட்டு, மறுநாள் 'நல்லா நட்டிருக்கீங்க'ன்னு சொன்னா எப்படி சார் இருக்கும்? ஒரு தரம் திட்டியிருந்தீங்கன்னா கத்துக்கிட்டிருப்பேன். எனக்கு வேலை தெரியும்னு நெனச்சு வந்தேன். இப்ப தெரியுமா தெரியாதான்னே தெரியல."

வரப்பில் நின்றவர் சொன்னதாவது அன்றோடு போயிற்று. தாம் அதைப் பதினோரு மாதம், தினமும், சத்தமில்லாமல் செய்திருக்கிறோம் என்று அறிவரசனுக்கு உறைத்தது.

மற்றவர்களுக்கும் இது தெரியுமா என்று கேட்டார். அவள் கதவைத் திறந்து வீரமுத்துவை அழைத்தாள். அவனும் அறுவரில் ஒருவன்; வாலிகண்டபுரத்துக்காரன், வாய்த்துடுக்கு உள்ளவன். முதலில் தலையைச் சொறிந்தான். பிறகு ஒளிக்காமல் சொன்னான். போன டிசம்பரிலிருந்து ஒருவரும் தாங்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதில்லையாம். எப்படியும் காலையில் மாறிவிடுமே என்றுதான்.

"கோவிச்சுக்காதீங்க சார். வேணும்னே தப்பா ஒண்ணு எழுதி வெச்சு, நீங்க எத்தன மணிக்கு மாத்துவீங்கன்னு பஜ்ஜி பந்தயம் கட்டுவோம். ஏழு மணிக்கு முந்தின்னா எனக்கு. நீங்க என்னிக்கும் என்னைக் கைவிட்டதில்ல."

அறிவரசன் அன்று மதியம் சாப்பிடவில்லை. தாம் ஓர் அணியை நடத்துவதாக நினைத்திருந்தார். உண்மையில் ஒற்றை ஆளாக வேலை செய்திருக்கிறார். ஆறு பேர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் ஆறு பேரையும் கூட்டி, இனி ஒருவர் எழுதியதில் தாம் கை வைக்கப் போவதில்லை என்றும், தப்பு என்று பட்டால் எழுதியவரிடமே நேரில் சொல்வதாகவும், மாற்றுவது அவர் பொறுப்பு என்றும் சொன்னார். ஹேமலதா கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. அவரும் கேட்கவில்லை.

சொல்வது எளிதாக இல்லை. முதல் வாரம் முழுவதும் 'கொஞ்சம் பாத்தா நல்லாருக்கும்' என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை. ஜூன் 18 அன்றுதான் ஹேமலதாவின் மேசைக்குப் போனார். ஒரே டோக்கனுக்கு இரண்டு வண்டி எண்களை ஏற்கும்படி அவள் எழுதியிருந்தாள். அவர் சுற்றி வளைத்தார்.

"தப்பா, சரியா? ஒரு வார்த்தைல சொல்லுங்க சார்."

"தப்பு," என்றார் அறிவரசன்.

அவள் முகம் சுருங்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"தப்பில்ல சார். ஆலை வாசல்ல டோக்கன் குடுக்கற ஆண்டவர் அண்ணன்கிட்ட ஒரு சனிக்கிழமை பூரா நின்னு பாத்துட்டு வந்தேன். வரிசையில நிக்கிற லாரிக்கு டயர் வெடிச்சா, அதோட மொதலாளி வேற வண்டிய அனுப்புவாரு. டோக்கன் அதேதான். இதைப் போன நவம்பர்லயே எழுதிட்டேன். நீங்கதான் எடுத்துட்டீங்க."

அறிவரசன் பதிவைத் திறந்து பார்த்தார். 2024 நவம்பர் 19, காலை 6.25. நீக்கியவர் அறிவரசன். காரணம்: சிறு திருத்தம்.

2025 மார்ச் மாதம் ஒரு லாரி வரிசையிலேயே பழுதாகி நின்றது. மாற்று வண்டியை மென்பொருள் ஏற்கவில்லை. அடுத்த டோக்கனையும் கூப்பிடவில்லை. பின்னால் அறுபத்திரண்டு லாரிகள் இரண்டே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றன. ஆலையிலிருந்து சென்னைத் தலைமையகத்துக்குப் புகார் போயிற்று. கிளைகளைக் கவனிக்கும் பாலசுந்தரம் விளக்கம் கேட்டபோது, 'பிள்ளைகள் புதியவர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் எழுதியிருந்தார் அறிவரசன். பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டதாக அன்று பெருமைகூடப் பட்டிருந்தார். காப்பாற்றப்பட்டது அவர் செய்த பிழை. பழி போய் விழுந்தது அந்தப் பகுதியை எழுதிய ஹேமலதாமேல்.

அன்று மாலைக்குள் சென்னைக்கு எழுதினார். நவம்பரில் ஹேமலதா எழுதியது சரி, அதை நீக்கியது தாம், மார்ச் 12 அன்று லாரிகள் நின்றது தம் பிழையால் என்று நேர் வாக்கியங்களில் எழுதி, ஆறு பேருக்கும் பிரதி வைத்தார். பாலசுந்தரம் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்று மாதம் ஆறிப்போன விஷயத்தை யாராவது எழுத்தில் கொடுப்பார்களா, பதவி உயர்வு நேரத்தில் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டார். நடந்தது அதுதான் சார் என்றார் அறிவரசன்.

வைத்துவிட்டுத் திரும்பினால் ஹேமலதா நின்றிருந்தாள். மின்னஞ்சலைப் படித்துவிட்டதாகச் சொன்னாள்.

"ஒரு தப்பு இருக்கு சார். பன்னண்டு இல்ல, மார்ச் பதிமூணு. வியாழக்கிழமை."

அவர் சரிபார்த்தார். பதிமூன்றுதான். திருத்தி மறுபடி அனுப்பினார்.

அடுத்த இரண்டு வாரம் அலுவலகத்தில் சத்தம் கேட்டது. வீரமுத்து எழுதிய ஒன்றை அறிவரசன் தப்பு என்றார். வீரமுத்து ஒரு மணி நேரம் வாதாடித் தோற்று, தானே மாற்றினான். இன்னொன்றில் ஆறு பேரும் சேர்ந்து அறிவரசனைத் தோற்கடித்தார்கள்.

ஜூலை 2, புதன்கிழமை, ஹேமலதாவும் வீரமுத்துவும் அரியலூர் பஸ் ஏறிப் போய், அவள் எழுதியபடியே ஆலை வாசலில் மென்பொருளை மாற்றினார்கள். அறிவரசன் பெரம்பலூரிலேயே இருந்தார். பிற்பகல் மூன்று இருபதுக்கு அவள் கூப்பிட்டாள். மாற்று வண்டி ஒன்று அதே டோக்கனில் உள்ளே போய்விட்டதாம், வரிசை நிற்கவில்லையாம். பின்னணியில் லாரி ஹாரன்கள் கேட்டன.

"அப்புறம் சார், எங்க சித்தப்பா மவளுக்கு ஜெயங்கொண்டத்துல கல்யாணம். ரெண்டு நாள் லீவு வேணும்."

எப்போது என்று கேட்டார்.

"ஆவணி பன்னண்டு. ஆகஸ்ட் இருபத்தெட்டு."

அவள் விலக வேண்டிய ஜூலை 9க்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அறிவரசன் நாள்காட்டியைப் பார்த்தார். அவர் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. தேதியை மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மாதத்தையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.