இறக்கை மேல் வைத்த ஜாடி

அந்தச் சின்ன விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்புகிறவருக்கு 'உம்மணா' என்று பெயர். முகம் எப்போதும் உம்மென்றே இருக்கும். வேலையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. நிரப்பி முடித்ததும் இறக்கைக்கு அடியிலுள்ள குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார். எண்ணெய் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தங்கும். தங்கினால் "தண்ணி!" என்று கத்துவார். அதை முழுக்க வடிக்காமல் எந்த விமானியும் ஏறமாட்டார்.

ஒரே ஒரு விமானியிடம் மட்டும் அவர் கத்துவதில்லை. அவன் அவருடைய தங்கை புருஷன். தங்கையின் புது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த அன்று, "இவரு எங்க ஏர்போர்ட்ல எண்ணெய் ஊத்துறவரு" என்று மாப்பிள்ளை அறிமுகம் செய்துவைத்தான். மச்சான் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. உம்மணா கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார். பேச்சு அன்றோடு நின்றது. வேலை நிற்குமா? அவன் ஓட்டும் விமானத்தில் தண்ணீர் இருந்தால், ஜாடியை இறக்கை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவன் பார்த்து வடித்துக்கொள்வான்.

இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு காலையில் ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. வழக்கம்போல வைத்தார். மாப்பிள்ளை ஒரு வியாபாரியை அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்தான். ஜாடியை எடுத்து, பார்க்காமலே புல்லில் கவிழ்த்தான்.

"கண்டதெல்லாம் என் வண்டி மேல எவன் வைக்கிறது?" என்று காற்றிடம் கேட்டான். பக்கத்தில் நின்ற விமான நிலையக் காவலாளி சிரித்தான்.

நாக்கு நுனிவரை வந்த சொல்லை உம்மணா விழுங்கிவிட்டார். ஊத்துறவன் எதுக்குப் பேசணும்? எண்ணெய் ஊற்றும் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

விமானம் கிளம்பி வேலியைத் தாண்டியதுமே என்ஜின் இருமியது. விமானம் திரும்பி வர முயன்று, ஒருபக்கம் சரிந்து, லாரி ஷெட்டுக்குப் பின்னால் விழுந்து எரிந்தது. இருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் காவலாளி கண்டதைச் சொன்னான். விமானியின் கவனக்குறைவு என்று முடிவானது. அந்தத் தெம்பில் உம்மணா தங்கை வீட்டுக்குப் போனார்.

"எம்மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்கம்மா."

"அவரு பாக்காம கொட்டினத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம்? வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?"

"அவன் என்னை எத்தனை பேரு முன்னாடி..."

"செத்துப் போயிட்டாருண்ணே! ஒரே ஒரு வார்த்தை. சொன்னா உனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"இனிமே என்கிட்டயும் பேசாத. அதுதான் உனக்கு நல்லா வருமே."

அதற்குப் பிறகும் அவர் தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. போகும்போதெல்லாம் தங்கை ஒரு டம்ளர் தண்ணீரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். குடித்தாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.